குழந்தையின் தலையில் மஞ்சள் பொருக்கு: எதைத் தடவலாம், எதைத் தொடவே கூடாது

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்பது வாரக் குழந்தையின் உச்சந்தலையில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் பொருக்குக்கு வீட்டிலேயே என்ன தடவலாம் என்பது ஒன்று. மாமியார் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொல்கிறார், தோழி தயிரும் எலுமிச்சையும் என்கிறார், மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூபைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: "நான் கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிட்டதால்தான் கரப்பான் வந்தது என்கிறார்கள், உண்மையா?" அந்த வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மை இல்லை. நீங்கள் எதைச் சாப்பிட்டதாலும் இது வரவில்லை. தலையைச் சரியாகக் கழுவாததாலும் வரவில்லை.

நான் குழந்தைகள் நல மருத்துவர். அரசு மருத்துவமனையிலும், பிறகு சொந்த கிளினிக்கிலுமாகப் பல வருடங்கள் கைக்குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நன்றாகப் பால் குடிக்கிறது, எடை கூடுகிறது, காய்ச்சல் இல்லை, தலையைத் தேய்த்து அழவில்லை, தலையிலும் புருவத்திலும் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரங்கள் எல்லாம் கிரேடில் கேப் என்று நாங்கள் சொல்லும் சாதாரண நிலைக்கே பொருந்துகின்றன. பெரியவர்களுக்கு வரும் பொடுகுக்கு இது உறவுதான், ஆனால் நடத்தையில் வேறு.

பெரும்பாலும் பிறந்த மூன்றாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில் இது தொடங்கும். உச்சியிலும் நெற்றி விளிம்பிலும் எண்ணெய்ப் பசையோடு தடித்த செதில்கள் படியும். புருவம், காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, சில குழந்தைகளுக்கு அக்குள், தொடையிடுக்கு வரைக்கும் போகலாம். பார்க்கிறவர்களுக்குத்தான் சங்கடம், குழந்தைக்கு வலி கிடையாது, அரிப்பும் அநேகமாக இருக்காது. இன்னொருவருக்கு ஒட்டாது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, அநேகமாக முதல் பிறந்தநாளுக்குள், எதுவும் செய்யாமலேயே போய்விடும். இதுவரை சொன்னது உறுதியாகத் தெரிந்தது. எந்தக் கைவைத்தியமும் பலித்த மாதிரி தெரிவதற்கும் இதுதான் காரணம். எலுமிச்சை தடவிய வீட்டிலும் சரியாகும், விளக்கெண்ணெய் தடவிய வீட்டிலும் சரியாகும், ஒன்றுமே தடவாத வீட்டிலும் சரியாகும். ஆகவே யாராவது ஒரு பொருளைச் சொன்னால், அது பலிக்குமா என்று கேட்காதீர்கள். குழந்தைக்குக் கெடுதல் செய்யுமா என்று கேளுங்கள். தானாகப் போகிற ஒன்றுக்காக ஆபத்தை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஏன் வருகிறது என்பதில் எங்களுக்கே முழுத் தெளிவு இல்லை. கர்ப்பத்தில் தாயின் ஹார்மோன்கள் குழந்தையின் உடலுக்குள் போய், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சில மாதங்களுக்குத் தூண்டிவிடுகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தத் தூண்டல் குறையும் காலமும் பொருக்கு மறையும் காலமும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. இன்னொன்று மலசீசியா என்ற ஈஸ்ட் வகைக் கிருமி. இது எல்லோர் தோலிலும் சாதாரணமாக வாழ்வது, கொழுப்பைத் தின்று வளர்வது. பெரியவர்களின் பொடுகில் அதற்குப் பங்கு உண்டு. கைக்குழந்தைகளில் எந்த அளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்த இரண்டிலுமே தாயின் சாப்பாட்டுக்கு இடம் இல்லை.

கரப்பான் பண்டம் என்ற பேரில் பிள்ளை பெற்றவளுக்குப் போடும் பத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடேயே எழுத வேண்டியிருக்கிறது. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது, கடலை கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் பூண்டுக் குழம்பும் பருப்பில்லாத ரசமும் மட்டும் மிஞ்சுகிற தாய்மார்களை வாரத்துக்கு வாரம் பார்க்கிறேன். நம் ஊரில் பிரசவத்துக்கு வரும் பெண்கள் பலர் ஏற்கெனவே ரத்தசோகையோடுதான் வருகிறார்கள். பால் கொடுக்கும் மாதங்களில் புரதமும் இரும்பும் அதிகம் தேவைப்படும்போது இருப்பதையும் பிடுங்கினால் அவர்கள் எப்படித் தேறுவார்கள்? குழந்தையின் தலைப் பொருக்கு அம்மாவின் தட்டிலிருந்து வருவதில்லை. உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், "டாக்டர் எல்லாம் சாப்பிடச் சொல்லிவிட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிட்டு மீனும் முட்டையும் சாப்பிடுங்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? பொருக்கு மெல்லியதாக இருந்தால் பேபி ஷாம்புவால் கழுவுவதே போதும். தடித்துப் போயிருந்தால் குளிப்பாட்டுவதற்கு கால் மணி, இருபது நிமிடம் முன்னால் சில சொட்டு எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, பொருக்கு இருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். தலை முழுக்க வழிய வேண்டியதில்லை. குழந்தையை மடியில் போட்டு, பிடரியை இடது உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு பாருங்கள். உலர்ந்து வெளிறியிருந்த செதில் எண்ணெயை உறிஞ்சிக் கண்ணாடித்தன்மை பெறும், அதன் ஓரங்கள் லேசாக எழும்பும். அப்போது கைக்குழந்தைகளுக்கென்று விற்கும் மிருதுவான பிரஷ்ஷாலோ, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணியாலோ, ஒரே திசையில் மெதுவாக வருடுங்கள். எழும்பிய ஓரம் தானாகப் பிரிந்து வரும், எழும்பாதது வராது. வராததை விட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் தோல் சிவந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேன் சீப்பால் சுரண்டுவதும் நகத்தால் பெயர்ப்பதும்தான் நான் பார்க்கும் சீழ்ப் புண்களில் பலவற்றுக்குத் தொடக்கம்.

அப்புறம் கழுவுவது. பல வீடுகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். தடவிய எண்ணெய் முழுக்கப் போக வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கொஞ்சம் பேபி ஷாம்புவை உங்கள் கையில் நுரைத்துப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு, இரண்டு முறை அலசுங்கள். உச்சிக்குழியைத் தொட எல்லோருக்கும் பயம், அதனால் தலையின் மற்ற பகுதி பளிச்சென்று இருக்க, அந்த இடத்தில் மட்டும் பொருக்கு தடித்துக்கொண்டே போகும். உச்சிக்குழியின் அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. விரலின் சதைப்பகுதியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால் ஒன்றும் ஆகாது. பொருக்கு இருக்கும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும், குறைந்த பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை சாதாரணமாகக் கழுவினால் போதும். புருவத்தில் இருப்பதற்கு ஈரத் துணியால் துடைப்பதைத் தவிர வேறொன்றும் வேண்டாம், ஷாம்பு கண்ணுக்குள் போகும்.

எந்த எண்ணெய் என்பதில் என் பதில் கொஞ்சம் தயக்கத்தோடு வருகிறது. தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் காலங்காலமாகப் பயன்படுவது, பெரும்பாலான குழந்தைகளின் தோல் அதை ஏற்றுக்கொள்கிறது, நானும் அதைத்தான் சொல்லி வருகிறேன். ஆனால் மலசீசியாவுக்குத் தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் தீனியாகும் என்பதால், தோலிலேயே விட்டுவைத்தால் நிலைமை மோசமாகலாம் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேபி ஆயில் மாதிரியான மினரல் ஆயிலையோ வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியையோ பரிந்துரைப்பார்கள். கொள்கையளவில் அவர்கள் சொல்வது சரிதான், குழந்தைகளில் அது எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதுதான் நிரூபணமாகவில்லை. ஆலிவ் எண்ணெயை நான் சொல்வதில்லை. அதில் மிகுதியாக இருக்கும் ஓலியிக் அமிலம் தோலின் காப்புப் படலத்தைத் தளர்த்துவது ஆய்வில் தெரிந்திருக்கிறது, பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையும் கிரேடில் கேப்புக்கு அதை வேண்டாம் என்கிறது. மொத்தத்தில் இந்தத் துறையின் நிலைமை எப்படி என்றால், 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு உலகெங்கும் நடந்த சிகிச்சைச் சோதனைகளைத் தேடித் திரட்டியபோது கிடைத்தவை வெறும் 6, அவற்றில் பங்கெடுத்த குழந்தைகள் சுமார் 300 பேர். எந்தச் சிகிச்சையையும் உறுதியாகச் சிபாரிசு செய்ய அது போதவில்லை. எண்ணெய், பிரஷ், ஷாம்பு என்று நான் மேலே எழுதியதுகூட அனுபவத்திலும் பாதுகாப்பிலும் நிற்கிற அறிவுரைதான்.

எண்ணெயைத் தடவிவிட்டுக் கழுவாமல் நாள்கணக்கில் விடுவதைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. சித்திரை வெயிலில் கிளினிக்குக்கு வரும் குழந்தைகளில் சிலரின் தலையைத் தொட்டால் விரல் வழுக்கும். உச்சியில் காலையும் மாலையும் வைத்த விளக்கெண்ணெய், அதன்மேல் படிந்த சாம்பிராணிப் புகை, அதன்மேல் கொட்டிய பவுடர், எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் குழம்பாக முடிவேரில் இறுகியிருக்கும். அதைப் பொருக்கு என்று நினைத்து மேலும் எண்ணெய் வைத்திருப்பார்கள். நம் ஊர் வெக்கையில் அது முடிக்கால்களை அடைத்துச் சின்னச் சின்னக் கொப்புளமாக்கும், சில நேரம் கட்டியே கிளம்பும். சாம்பிராணி தலையை உலர்த்தும் என்பார்கள், மிருதுவான துண்டும் அதையே செய்யும். குழந்தையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் நல்லதில்லை. கழுத்து மடிப்பில் எண்ணெயே வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

இனி வேண்டவே வேண்டாதவை. முதலில் கற்பூரம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும், கைக்குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். எண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கை வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வேப்பெண்ணெய் தோலில் படுவதைவிட வயிற்றுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. மலேசியாவில், கைவைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் மூளைப் பாதிப்புமாக மருத்துவமனைக்கு வந்ததை 1981-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள், உயிரிழப்பும் இருந்தது. தடவும் எண்ணெயே புகட்டும் எண்ணெயாக மாறும் வீடுகள் நம்மிடையே உண்டு என்பதால், அந்தப் பாட்டில் குழந்தை இருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உங்கள் மாமியார் சொன்ன கலவையில் இந்த இரண்டும் இருக்கின்றன. ஏற்கெனவே தடவியிருந்தால் உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள், அந்த எண்ணெயையும் கையோடு கொண்டுபோங்கள்.

எலுமிச்சையும் வினிகரும் அமிலம், பிஞ்சுத் தோலில் எரிச்சலும் புண்ணும் உண்டாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளித்துக் கருத்துப்போவதும் உண்டு. சமையல் சோடாவைப் புண்ணான தோலில் தொடர்ந்து போட்டதால் குழந்தையின் ரத்தத்தில் உப்புச் சமநிலையே குலைந்த நிகழ்வு பதிவாகியிருக்கிறது. மருதாணி அரைத்துப் பூசாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம், அந்தக் குறை இருப்பது முன்கூட்டித் தெரிந்திருப்பது அபூர்வம். தயிர், முட்டை வெள்ளை, கடலை எண்ணெய் ஆகியவற்றை வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. உணவாகப் போக வேண்டிய புரதம், வெடித்திருக்கும் தோல் வழியாக முதலில் நுழைந்தால் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்ளக்கூடும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிரிட்டன் குழந்தைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டிருந்தது அதிகம் என்று கண்டது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். பயத்தமாவுக்கு இப்படி நேரடி ஆதாரம் கிடையாது, நல்ல தோலில் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நான் தடுப்பதில்லை. பொருக்கு உள்ள தலையில் மட்டும் வேண்டாம் என்கிறேன், குருணை உரசும், முடிக்குள் தங்கும். தாய்ப்பாலைத் தடவுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: கெடுதல் இல்லை, இதற்குப் பலன் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பாலைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை அந்த மெடிக்கல் ஷாப் ட்யூப்தான். பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். கிளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது தோல் அழற்சியை அடக்கும் வீரியமான மருந்து. அதோடு ஒரு பூஞ்சைக்கொல்லியும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்த கூட்டுக் களிம்புகள் நம் நாட்டில் சோப்பு வாங்குவது போல வாங்கப்படுகின்றன. தோல் மருத்துவர்கள் நெடுநாள் போராடியதால் 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது, அதாவது மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்பனை நின்றபாடில்லை. இதைத் தடவினால் இரண்டே நாளில் தலை பளபளவென்று ஆகும், எல்லோருக்கும் திருப்தி. நிறுத்தினால் திரும்ப வரும், மறுபடி தடவுவார்கள். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம் என்பதால் மருந்து உடலுக்குள்ளும் கணிசமாகப் போகும். கன்னம் உப்பி முகம் வட்டமாகி, "பிள்ளை நல்லா கொழுகொழுன்னு இருக்கான்" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும் குழந்தையை எடைபோட்டு அளந்து பார்த்தால் உயரம் நின்றுபோயிருக்கும். அப்படி வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். சிவந்து அழன்ற தோலுக்கு மிக லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளுக்கு நாங்களும் எழுதுவோம், அது பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு. உங்கள் கையில் இருக்கும் ட்யூபைத் திறக்க வேண்டாம்.

பெரியவர்களின் பொடுகு ஷாம்புவும் அப்படித்தான். சாலிசிலிக் அமிலம் இருப்பதைக் கைக்குழந்தைக்குத் தொடவே கூடாது, தோல் வழியாக ரத்தத்தில் ஏறும். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி சேர்த்த ஷாம்பு விடாப்பிடியான பொருக்குக்குச் சில குழந்தைகளிடம் பயன்படுகிறது, சிறிய ஆய்வுகளில் அது ரத்தத்தில் தென்படவில்லை. இருந்தாலும் மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன தடவைகள் மட்டும்.

பொருக்கு பிரியும்போது கூடவே கொஞ்சம் முடியும் வரும். பயப்பட வேண்டாம், வேர் அப்படியே இருக்கிறது. பிறந்தபோது இருந்த முடி இரண்டு, மூன்று மாதத்தில் உதிர்வதும், தலையணையில் உரசிப் பிடரி வழுக்கையாவதும் இதோடு சம்பந்தம் இல்லாத இயல்பான விஷயங்கள். நம் நிறத் தோலில் இன்னொன்றும் நடக்கும். பொருக்கு போன பிறகு காதோரத்திலும் நெற்றியிலும் வெளிறிய திட்டுகள் தெரியும். வெண்புள்ளியோ என்று பதறி வருகிறார்கள். தோல் ஆறியதன் தடம் அது, சில மாதத்தில் நிறம் திரும்பும். அதற்கென்று எதையும் பூச வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும் என்றால், பொருக்கிலிருந்து நீர் கசிந்தாலோ, சீழோ நாற்றமோ ரத்தமோ வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோ காத்திருக்காதீர்கள். குழந்தை தலையைத் தேய்த்துத் தூங்காமல் அழுதால் அது எக்சிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சியாக இருக்கலாம், அதற்குப் பராமரிப்பு வேறு. உடம்பெல்லாம் செதிலோடு வயிற்றுப்போக்கும் எடை ஏறாமையும் சேர்ந்தாலோ, செதில்களுக்கு நடுவே ஊசிமுனை மாதிரிச் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலோ அரிதான, கவனிக்க வேண்டிய நோய்கள் பின்னால் இருக்கலாம், உடனே போங்கள். ஒரு வயதைத் தாண்டியும் நீடித்தால் மறுபடி யோசிக்க வேண்டும். உங்கள் அக்காவின் ஐந்து வயது மகனுக்கும் "பொடுகு" இருப்பதாகக் கேட்டிருந்தீர்களே, அந்த வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்ந்திருக்கும், உண்மையான பொடுகு அபூர்வம். செதிலோடு முடி ஒடிந்து திட்டுத்திட்டாகக் கொட்டியிருந்தால் அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஷாம்புவாலும் எண்ணெயாலும் அது போகாது, வாய்வழி மாத்திரை வேண்டும், கூடப் படுக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டும்.

உங்கள் குழந்தைக்கு ஒன்பது வாரம் என்றால் பத்தாவது வாரத் தடுப்பூசி அடுத்து வருகிறது. எப்படியும் போகத்தான் போகிறீர்கள், அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல், தொப்பியைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் மருத்துவரிடம் உச்சியைக் காட்டுங்கள். அந்த ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.